மழை பெய்தால் கீழ்வீட்டுக் குளியலறையில் கழிவுநீர் ஏன் மேலே வருகிறது? கொழும்பின் கழிவுநீர் எங்கே போகிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவர் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் இருக்கிறார். அடைமழை பிடித்தால் குளியலறைத் துவாரத்தால் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்து வருகிறது. மழை விட்டு ஒரு மணித்தியாலத்தில் தானாகவே வடிந்துவிடுகிறது. குழாய் வேலை செய்யும் பாஸ் இரண்டு தடவை வந்து கம்பி விட்டுப் பார்த்து, அடைப்பு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். "நூறு வருஷத்துக் குழாய், அப்படித்தான் இருக்கும்" என்று அயலில் சொல்கிறார்களாம். உண்மைக் காரணம் என்ன, இந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது, வெள்ளவத்தைக் கடலில் பிள்ளைகளைக் குளிக்க விடலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் கழிவுநீர் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன். முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்கிறேன்: உங்கள் குழாயில் அடைப்பு இல்லை என்று பாஸ் சொன்னது சரி. குழாயின் வயதும் இங்கே முதல் குற்றவாளி இல்லை. மழையோடு வந்து மழையோடு போகிற பின்னடிப்புக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். எங்கோ மழைத்தண்ணீர் கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்குகிறது. அநேகமாக உங்கள் கட்டடத்தின் கூரையிலிருந்தே.

கொழும்பில் இரண்டு தனித்தனி வழிகள் உண்டு. மலசலகூடம், குளியலறை, சமையலறைத் தண்ணீர் போவது நிலத்துக்கடியில் உள்ள கழிவுநீர்க் குழாயில். மழைத்தண்ணீர் போவது தெருவோரக் கானில். அது கால்வாய்க்குப் போய், கடலிலோ களனி ஆற்றிலோ சேரும். இரண்டையும் ஒரே குழாயில் விடுகிற நகரங்களும் உலகத்தில் இருக்கின்றன. லண்டனின் பழைய பகுதி அப்படி. கொழும்பு அப்படிக் கட்டப்படவில்லை. வருஷத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை விழுகிற, அதுவும் சில மணித்தியாலங்களில் கொட்டித் தீர்க்கிற ஊருக்கு இரண்டையும் சேர்த்துக் குழாய் போடுவதென்றால் ஒவ்வொரு ஒழுங்கையிலும் சுரங்கம்தான் வெட்ட வேண்டும். அதனால் கழிவுநீர்க் குழாய்கள் சிறியவை. வீட்டுத் தண்ணீருக்கு அவை போதும்.

ஒரு சின்னக் கணக்கு. 20 வீடுகள் உள்ள தொடர்மாடி, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 120 லீற்றர் என்று வைத்தால், முழுக் கட்டடமும் ஒரு நாளில் அனுப்புவது 9,600 லீற்றர். அதே கட்டடத்தின் கூரை 400 சதுர மீற்றர் என்று வையுங்கள். மணிக்கு 50 மில்லிமீற்றர் வீதம் மழை பெய்தால், கூரையிலிருந்து மட்டும் ஒரு மணித்தியாலத்தில் 20,000 லீற்றர் இறங்கும். இரண்டு நாள் கழிவுநீருக்கும் மேலானது ஒரே மணித்தியாலத்தில். சராசரி ஓட்டத்தோடு ஒப்பிட்டால் 50 மடங்கு. இந்தத் தண்ணீர் கழிவுநீர்க் குழாயில் விழுந்தால் குழாய் நிரம்பி, மேன்ஹோலில் நீர்மட்டம் ஏறி, அந்த மட்டத்துக்குக் கீழே எந்தத் துவாரம் இருக்கிறதோ அதன் வழியாக வெளியே வரும். மேல்மாடிக்காரருக்கு ஒன்றும் தெரியாது. கீழ்வீட்டுக் குளியலறைதான் மிகத் தாழ்ந்த இடம். ஐந்தாம் மாடியில் யாரோ கக்கூசில் தண்ணீர் அடிக்க, அது உங்கள் கால் விரலிடையில் வருகிறது.

கூரைப் பீலியின் டவுன் பைப்பை யார் மலசலக் குழாயில் கொண்டுபோய்ப் பூட்டுவார்கள் என்று கேட்பீர்கள். நிறையப் பேர். கட்டும்போது தெருக் கான் தூரத்தில் இருக்கும், மேன்ஹோல் முற்றத்திலேயே இருக்கும். இரண்டு முழத்தில் வேலை முடிந்துவிடும். இன்னொன்றும் உண்டு, இதை நான் எத்தனையோ பழைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். சமையலறைச் சுவரோரம் ஒரு சின்னச் சதுரத் தொட்டி, மேலே இரும்புச் சல்லடை, உள்ளே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். கலி ட்ராப் என்பார்கள். அந்தத் தேங்கிய தண்ணீர்தான் சாக்கடை மணம் மேலே வராமல் தடுக்கிறது. அதன் விளிம்பு முற்றத்தை விட நாலு விரல் உயரமாக இருக்கவேண்டும் என்றுதான் கட்டினார்கள். பிறகு வந்தவர்கள் முற்றத்துக்குச் சீமெந்து போட்டார்கள், அதற்கு மேல் டைல்ஸ் பதித்தார்கள். முற்றம் உயர்ந்தது, விளிம்பு அப்படியே இருந்தது. இப்போது மழை பெய்தால் முற்றத்துத் தண்ணீர் முழுக்க அந்தச் சல்லடைக்குள் சுழித்துக்கொண்டு இறங்குகிறது. "முற்றத்தில் தண்ணீர் நிற்பதே இல்லை, நல்ல வடிகால்" என்று வீட்டுக்காரர் சந்தோஷமாகச் சொல்வார். அந்தத் தண்ணீர் பள்ளத்தில் உள்ள அடுத்த வீட்டுக்காரரின் குளியலறையில் நிற்கிறது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வெயில் நாளில், கேக்குக்குப் போடும் பச்சைக் கலரிங் ஒரு போத்தலை ஒரு வாளித் தண்ணீரில் கரையுங்கள். ஒருவர் கூரையில் நின்று பீலிக்குள் அதை ஊற்றி, பின்னால் நாலைந்து வாளி வெறும் தண்ணீரும் விடட்டும். மற்றவர் முற்றத்து மேன்ஹோல் மூடியை நீக்கி, தள்ளி நின்று பார்க்கட்டும். குனிந்து தலையை உள்ளே விடவே கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஒரு தடவை ஹவ்லொக் டவுன் பக்கம் ஒரு கட்டடத்தில் இப்படிச் செய்தோம். நிர்வாகக் குழுத் தலைவர் எங்கள் பக்கத்திலேயே நின்று, மழைக் குழாயெல்லாம் தெருக் கானுக்குத்தான் போகிறது, வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று நிமிஷம் இருக்கும். மேன்ஹோலுக்குள் சாம்பல் நிறமாக மெல்ல ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் ஒரு ஓரத்தில் இளம் பச்சையாகி, பிறகு முழுக்கப் பச்சையாகிவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரமே பாஸைக் கூப்பிட்டு மாற்றிவிட்டார்.

பச்சை வந்தால் டவுன் பைப்பைக் கழற்றி மழைக்கானுக்குத் திருப்புங்கள். கலி ட்ராப் விளிம்பை இரண்டு செங்கல் வைத்து உயர்த்துங்கள். இவை இரண்டும் மலிவான வேலை. பலர் நேரே ஒருவழி வால்வு போடப் போவார்கள். போடலாம், ஆனால் போடும் இடம் முக்கியம். முழுக் கட்டடத்தின் பிரதான குழாயில் அதைப் போட்டால், தெருவில் மட்டம் ஏறும்போது வால்வு மூடிக்கொள்ளும். மேல்மாடிகளின் தண்ணீருக்குப் போக வழி இராது. அதுவும் உங்கள் வீட்டில்தான் வரும். கீழ்த்தளத்துக் குழாயை மட்டும் தனியாகப் பிரித்து, அந்தக் கிளையில்தான் வால்வு இருக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது திறந்து கழுவவும் வேண்டும். ஒரு துணித் துண்டு சிக்கினாலே அது மூடாது.

சரி, இனித் தண்ணீர் எங்கே போகிறது என்பது.

கொழும்பின் கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ஆட்சியில் போடத் தொடங்கியது. அதற்கு முன் இருந்தது வாளிக் கக்கூசு. வாளியைத் தூக்கிப் போனவர்கள் யார் என்பது நம் ஆட்களுக்குத் தெரியும். நகர சுத்தி வேலைக்கென்றே தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்கள். பெரும்பாலும் சாதியால் அந்த வேலைக்கே தள்ளப்பட்டவர்கள். குழாய் வந்த பிறகும் பேரப்பிள்ளைகள் வரை அதே தொழிலில், லயம் போன்ற மாநகர சபைக் குடியிருப்புகளில் இருந்தார்கள். கொழும்பின் சுகாதாரத்தைப் பற்றி எழுதும்போது பொறியியலாளர்களையும் ஆளுநர்களையும் எழுதுகிறோம், இவர்களை எழுதுவதில்லை. எனக்கு வேலை சொல்லித் தந்ததே அப்படிக் குடும்பத்தில் வந்த ஒரு மேற்பார்வையாளர்தான். மேன்ஹோல் மூடியை நீக்கி, தண்ணீரின் நிறத்தையும் சுவரில் உள்ள கறை மட்டத்தையும் பார்த்தே, அடைப்பு மேலேயா கீழேயா என்று சொல்லிவிடுவார். கறை உயரத்தில் இருந்தால் அந்த இடம் அடிக்கடி நிரம்புகிறது. தண்ணீர் அசையாமல் நின்றால் அடைப்பு கீழே. மேன்ஹோல் காய்ந்து கிடந்தால் அடைப்பு மேலே. கமரா வந்த பிறகும் நான் முதலில் பார்ப்பது அந்தக் கறையைத்தான்.

இன்று மாநகர எல்லைக்குள் ஏறத்தாழ 320 கிலோமீற்றர் குழாய் இருக்கிறது. கழிவுநீர் தானாகவே சரிவில் ஓடவேண்டும், செக்கனுக்கு 0.6 மீற்றராவது ஓடினால்தான் மணலும் மலமும் அடியில் படியாமல் அடித்துக்கொண்டு போகும். கொழும்பு தட்டையான ஊர். சரிவைக் காப்பாற்றக் குழாயை ஆழமாக்கிக்கொண்டே போகவேண்டும், ஒரு கட்டத்துக்கு மேல் தோண்ட முடியாது. அந்த இடத்தில் ஒரு பம்பு நிலையம் கட்டி, தண்ணீரைத் தூக்கி மறுபடி மேலிருந்து ஓடவிடுவார்கள். இப்படி ஒரு டசினுக்கும் அதிகமான நிலையங்கள் நகரம் முழுக்க இருக்கின்றன. பலர் தினமும் அவற்றைக் கடந்துபோகிறார்கள், என்ன கட்டடம் என்று தெரியாது. வடக்குப் பகுதித் தண்ணீர் மாதம்பிட்டியை நோக்கிப் போய் முகத்துவாரம் பக்கத்தால் கடலுக்குப் போகிறது. தெற்குப் பகுதித் தண்ணீர், உங்களுடையது உட்பட, வெள்ளவத்தைப் பம்பு நிலையத்துக்கு வருகிறது. அங்கிருந்து கடலுக்கடியில் ஒரு கிலோமீற்றருக்கும் அதிக தூரம் நீளும் குழாயால் கடலுக்குள் தள்ளப்படுகிறது. கடலடிக் குழாய்கள் இரண்டும் 1980களில் போட்டவை.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். வீட்டில் ஃபிரிட்ஜ் பற்றிக் கவலைப்பட்டோம். என் மனம் முழுக்க இந்தப் பம்பு நிலையங்களில் இருந்தது. மின்சாரம் போனாலும் மக்கள் கக்கூசுக்குப் போவதை நிறுத்த மாட்டார்கள். பம்பு நின்றால் நிலையத்துக் கிணறு நிரம்பும், பிறகு மேலே உள்ள குழாய்கள், பிறகு மேன்ஹோல்கள். ஜெனரேற்றர் ஓட டீசல் வேண்டும், டீசலுக்கு நாடே வரிசையில் நின்றது.

பம்பை நிறுத்துவது மின்வெட்டு மட்டும் இல்லை. துணி, சானிட்டரி நப்கின், ஈரத் துடைப்பான். பேக்கற்றில் "கக்கூசில் போடலாம்" என்று எழுதியிருந்தாலும் ஈரத் துடைப்பான் கரைவதில்லை. கயிறு போல முறுகிப் பம்பின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். அதை ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு கத்தியால் அறுத்து எடுக்கவேண்டும்.

அப்புறம் எண்ணெய். நம்முடைய தேங்காயெண்ணெய் 24 பாகைக்கு மேல் திரவம், கொழும்புச் சூட்டில் உறையாது, ஊற்றினால் ஓடிப்போய்விடும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். குழாய்க்குள் நடப்பது வேறு. கிருமிகள் எண்ணெயைக் கொழுப்பமிலங்களாக உடைக்கின்றன. தேங்காயெண்ணெயில் முக்கால்வாசி இருக்கும் லோரிக் அமிலமும் மிரிஸ்டிக் அமிலமும் போன்றவை தனியாகப் பிரிந்தால் 40 பாகைக்கு மேல்தான் உருகும். அவை கொங்கிறீட்டிலிருந்து கரையும் கல்சியத்தோடு சேர்ந்து ஒரு கடினமான சவர்க்காரமாகிக் குழாய்ச் சுவரில் ஒட்டும். கொத்துரொட்டிக் கடைகள் வரிசையாக உள்ள தெருக்களில் குழாயைத் திறந்தால் வெள்ளை மஞ்சளாகச் சுண்ணாம்புக் கட்டி போல இருக்கும், மண்வெட்டியால் கொத்தித்தான் எடுக்கவேண்டும். பொரித்த எண்ணெயைப் பழைய போத்தலில் ஊற்றி மூடிக் குப்பையில் போடுங்கள்.

இப்போது, மேன்ஹோலில் தலையை விடக்கூடாது என்று சொன்னதற்கு வருகிறேன். ஓட்டம் மந்தமான குழாயில் ஒட்சிசன் தீர்ந்துவிடும். அப்போது வேறு வகைக் கிருமிகள் வேலை செய்யத் தொடங்கி ஐதரசன் சல்பைட்டு வாயுவை விடும். அழுகிய முட்டை மணம். மணம் வந்தால் தெரிந்து விலகலாம் என்று நினைக்கக்கூடாது. செறிவு கூடும்போது மூக்கு மரத்து, மணமே தெரியாமல் போகும். அதற்கு மேலும் கூடினால் ஒன்றிரண்டு மூச்சில் ஆள் விழுவார். விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். மேன்ஹோல் சாவுகளில் அடிக்கடி இரண்டு மூன்று பேராகச் சாவதற்குக் காரணம் இதுதான். வாயு அளக்கும் கருவி, காற்று ஊதும் மோட்டார், இடுப்புக் கயிறு, மேலே நிற்க இரண்டு பேர், இவை இல்லாமல் யாரையும் இறக்கக்கூடாது. உங்கள் வீட்டு மலக்குழியை அள்ள யாரையாவது கூப்பிட்டு, அவர் உள்ளே இறங்கப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். மலக்குழி உறிஞ்ச வரும் லொறியான கலி பவுசரின் குழாய் உறிஞ்சாத அளவுக்கு இறுகியிருந்தால் தண்ணீர் விட்டுக் கலக்கி உறிஞ்சலாம். மனிதர் இறங்க வேண்டிய தேவையே இல்லை.

இதே வாயுதான் குழாயையும் தின்கிறது. அது குழாயின் மேல்வளைவில் உள்ள ஈரத்தில் சேர, அங்குள்ள கிருமிகள் கந்தக அமிலமாக்கும். கொங்கிறீட் மேலிருந்து கரையும். அடிப்பாகம் புதிதுபோல் இருக்க, கூரை மட்டும் காணாமல் போயிருக்கும். ஒரு நாள் பஸ் போகும்போது தெரு குழிந்து விழும். இதைச் சரிசெய்யத் தெருவைக் கிண்டாமலே ஒரு வழி உண்டு: பசையில் ஊறிய ஒரு நீண்ட துணிக் காலுறையைப் பழைய குழாய்க்குள் விட்டு, ஊதி, வெந்நீரால் சூடாக்கினால் அது இறுகிக் குழாய்க்குள் புதுக் குழாயாகிவிடும். காலி வீதி மாதிரித் தெருவைக் கிண்டுவதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

சுத்திகரிப்பு? இங்கேதான் எனக்கு வருத்தம் அதிகம். நெடுங்காலம் கொழும்பு மாநகரின் கழிவுநீர், சல்லடையில் குப்பை மட்டும் பிடிக்கப்பட்டு அப்படியே கடலுக்குப் போனது. 2009இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் 10 கோடி டொலர் கடனோடு பம்பு நிலையங்களையும் அழுத்தக் குழாய்களையும் புதுப்பிக்கும் பெரிய திட்டம் வந்தது. அது அவசியமான வேலைதான். ஆனால் தண்ணீரை ஒழுங்காகக் கடலுக்குத் தள்ளுவது வேறு, சுத்தமாக்கித் தள்ளுவது வேறு. நகர எல்லைக்கு வெளியே, இரத்மலானையிலும் ஜா-எல பக்கத்திலும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. நாட்டு மக்களில் குழாய்வழிச் சாக்கடை வசதி உள்ளவர்கள் ஏறத்தாழ 2 வீதம்தான், மற்றவர்கள் மலக்குழியை நம்பியிருக்கிறார்கள்.

சுத்திகரிப்பு என்றால் ஏதோ இரசாயனம் போடுவது என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் அது கிருமி வளர்ப்பு. கழிவுநீரில் 99.9 வீதம் தண்ணீர்தான். சல்லடையில் துணி, பொலித்தீன் போகும். அடுத்த தொட்டியில் மணல் படியும். பிறகு பெரிய தொட்டியில் காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள். அந்தக் காற்றில் கோடானுகோடி கிருமிகள் பெருகிக் கழிவைச் சாப்பிடும், பஞ்சு போலத் திரளும். கடைசித் தொட்டியில் அவை அடியில் படிய, மேலே தெளிந்த தண்ணீர் வழிந்து போகும். படிந்ததில் ஒரு பங்கை மறுபடி காற்றுத் தொட்டிக்கே அனுப்புவார்கள், பசியோடு இருக்கும் கிருமிகள் நன்றாகச் சாப்பிடும் என்பதால். நிலையத்தில் தினமும் காலையில் செய்யும் சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். காற்றுத் தொட்டியிலிருந்து ஒரு லீற்றர் தண்ணீரைக் கண்ணாடி உருளையில் எடுத்து ஜன்னலோரம் வைப்பது. முதலில் பால் தேநீர் போலக் கலங்கல். ஐந்து நிமிஷத்தில் ஒரு கோடு தெரியும், கோடு மெல்ல இறங்கும். அரை மணித்தியாலத்தில் அடியில் 250 மில்லிலீற்றர் அளவுக்குப் பழுப்புப் பஞ்சு, மேலே பின்னால் பிடித்த பேப்பரின் எழுத்தை வாசிக்கக்கூடிய தண்ணீர். கோடு இறங்காமல் மேலேயே நின்றால் கிருமிகளுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். ஏதோ ஒரு தொழிற்சாலை எதையோ ஊற்றியிருக்கலாம்.

சுத்தத்தை அளப்பது, கழிவைத் தின்னக் கிருமிகளுக்கு எவ்வளவு ஒட்சிசன் வேண்டும் என்ற அளவால். வீட்டுக் கழிவுநீருக்கு லீற்றருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரும். ஆறு, கால்வாய் போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் விடுவதென்றால் அது 30க்கு மேல் போகக்கூடாது என்று 2008ஆம் ஆண்டுச் சுற்றாடல் ஒழுங்குவிதிகள் விதித்தன.

கடலில் பிள்ளைகளை விடலாமா என்ற கேள்விக்கு இனி வரலாம். கடலடிக் குழாயை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது கரையிலிருந்து தூரத்தில், ஆழத்தில் திறக்கிறது. உப்பும் வெயிலும் கிருமிகளைச் சில மணித்தியாலங்களில் குறைக்கும். எனக்குப் பயம் கால்வாயில்தான். முதலில் சொன்ன கலப்பு எதிர்ப்பக்கமாகவும் நடக்கிறது: கழிவுநீர்க் குழாய் எட்டாத வீடுகளிலிருந்தும், செலவைப் பார்த்த பெரிய கட்டடங்களிலிருந்தும் மலசலத் தண்ணீர் மழைக்கானில் விடப்படுகிறது. பேரை வாவி பச்சையாய்க் கிடப்பதற்கும் இதில் பங்குண்டு. மலசலத்தில் உள்ள நைதரசனும் பொசுபரசும் பாசிக்கு உரம். காலி வீதிப் பாலத்துக்குக் கீழால், ரயில் பாதையைத் தாண்டிக் கடலில் விழும் வெள்ளவத்தைக் கால்வாய் இவ்வளவையும் கரையோரத்திலேயே கொட்டுகிறது. வெயில் நாளில் அது மெல்ல வரும். பெருமழைக்குப் பிறகு பல நாள் சேர்ந்ததை ஒரே மூச்சில் அடித்துக்கொண்டு வரும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் அலை அதைக் கரைக்கே திருப்பித் தள்ளும்.

ஆகவே, கால்வாய் வாய்ப் பக்கம் எப்போதுமே வேண்டாம். மற்ற இடங்களில், பெருமழை பெய்தால் மூன்று நாள் பொறுங்கள். தண்ணீர் பழுப்பாக இருக்கும்வரை இறங்க விடாதீர்கள். காலில் புண் இருந்தால் எந்த நாளும் வேண்டாம். மழை இல்லாத வாரத்தில், காலை வெயிலில், கால்வாயிலிருந்து நன்றாகத் தள்ளி என்றால் என் பேரப்பிள்ளைகளை நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

கலரிங் சோதனையை அடுத்த மழைக்கு முன் செய்துவிடுங்கள். ஒக்டோபர் பிறந்தால் பின்னேர மழை தொடங்கிவிடும், பிறகு பாஸைப் பிடிப்பது கஷ்டம்.